தூதின் எல்லை: கொல்லிக் களமும் 1962ஆம் ஆண்டின் அணு ஆயுத எதிர்ப்புத் தூதும்

ஆய்வுச்சுருக்கம்

இரு பெரும் ஆற்றல்கள் பகைகொண்டு நிற்கும்போது அப்பகையில் நேர்ப்பங்கு இல்லாதவர் எவ்வுரிமையால் பேசுகின்றனர், அப்பேச்சு எதுவரை செல்லும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சங்க காலக் கொல்லிப் போரையும் அதனையொட்டிய ஔவையார் தூதையும் முன்னிறுத்தி, 1962 செப்டம்பரில் இராஜாஜி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்த நிகழ்வு மதிப்பிடப்படுகிறது. மூன்றாமவருக்கு நேரும் தீங்கைத் தடுக்கும் அளவுக்குத் தூது பயன்படக்கூடும். பகையின் வேரை அது தொடுவதில்லை என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, ஓரி, அதியமான், ஔவையார், தூது, இராஜாஜி, பனிப்போர், அணு ஆயுதச் சோதனைத் தடை

முன்னுரை

தருமபுரி தனி மாவட்டமாகியது 1965இல். நாமக்கல் தனி மாவட்டமாகியது 1997இல். ஆகவே 1962ஆம் ஆண்டில் ஓரி ஆண்ட கொல்லிமலை, அதியமானின் தலைநகரான தகடூர், இராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஆகிய மூன்றும் ஒரே சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தன. நிர்வாக எல்லைகளின் இத்தற்செயல் ஒற்றுமையைக் கொண்டு எவ்வித வரலாற்றுத் தொடர்ச்சியையும் நிறுவ இயலாது. எனினும் இந்நிலப்பகுதியோடு தொடர்புடைய இரு தூதுகள் ஒப்பிட்டு நோக்கத் தக்கவை. ஒன்று, அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் சென்றது. மற்றொன்று, அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்துமாறு கேட்க இராஜாஜி வாஷிங்டன் சென்றது. பனிப்போர்க் கால வல்லரசுப் போட்டி பெரும்பாலும் வாஷிங்டன், மாஸ்கோ ஆகிய இரு தலைநகரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இடைப்பட்டோர் நிலையிலிருந்து அதனை நோக்குவதற்கு இவ்வொப்பீடு துணைசெய்கிறது.

கொல்லி: வேந்தர் பகையும் வேளிர் அழிவும்

சிறுபாணாற்றுப்படை கூறும் வள்ளல்கள் எழுவரில் ஓரி, காரி, அதியமான் ஆகிய மூவர் கொல்லியைச் சூழ்ந்த பூசல்களில் இடம்பெறுகின்றனர். வன்பரணர் பாடிய வல்வில் ஓரி கொல்லியை ஆண்டவன். முள்ளூர் மன்னனாகிய மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைச் சேரர்க்கு அளித்த செய்தியை அகநானூற்று 209ஆம் பாடல் தருகிறது. இங்குக் கருதத்தக்கது, வென்ற காரி கொல்லியைத் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை என்பதாகும். சிறுதலைவன் ஒருவன் மற்றொரு சிறுதலைவனை வீழ்த்தினான். நிலமோ பேரரசின் கைக்குச் சென்றது.

அக்காரியும் நிலைபெறவில்லை. அவனது கோவலூரை அதியமான் எறிந்த செய்தியைப் புறநானூற்று 99ஆம் பாடல் குறிக்கிறது. பின்னர்ச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும் அவனுடன் நின்ற இருபெரு வேந்தரையும் வென்று தகடூரை அழித்ததாகப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் உரைக்கிறது. பதிகங்கள் பாடல்களுக்குக் காலத்தால் பிற்பட்டவை என்பது அறிஞர் கருத்தாதலின், போரின் நிகழ்வு வரிசையை இதனைக் கொண்டு மட்டும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் சான்றுகள் ஒரு செய்தியில் உடன்படுகின்றன. சேரன் ஒருபுறமும் சோழ பாண்டியர் மறுபுறமுமாக நின்ற பகையில் ஓரியும் அதியமானும் தம் நிலத்தை இழந்தனர். எப்பக்கம் சேர்வது என்ற தேர்வு அவர்களுக்கு இருந்தது. சேராதிருக்கும் தேர்வு பெரும்பாலும் இல்லை.

படைக்கலக் கொட்டிலில் ஔவையார்

புறநானூற்று 95ஆம் பாடலின் பின்குறிப்பு, அதியமான் தூதுவிடத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்கிறது. நெய் பூசி அணிசெய்து வைக்கப்பட்ட அவன் படைகளைப் புகழ்வது போலத் தொடங்கும் பாடல், போரில் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் படைகளை அடுத்து நிறுத்துகிறது. புகழ்ச்சி பழிப்பாக மாறுகிறது.

இத்தூதில் இரண்டு கூறுகள் தெளிவாகின்றன. முதலாவது, படைக்கலத்தைக் காட்டுவதே ஒரு பேச்சு. போர் தொடங்கும் முன்னரே எதிரியை அஞ்சச் செய்ய இக்காட்சி பயன்படுகிறது. அணு ஆயுதக் காலத்தில் ‘அச்சுறுத்தித் தடுத்தல்’ எனப்பட்ட கோட்பாட்டின் எளிய வடிவம் இதுவே. இரண்டாவது, ஔவையார் நடுநிலையாளர் அல்லர். அவர் அதியமான் பக்கம் நின்று, அவனது போர்த்திறத்தையே சான்றாகக் காட்டிப் பேசுகிறார். அவரது சொல் தொண்டைமானின் செருக்கைக் குலைக்கிறது. ஆனால் படையைக் குறைக்குமாறு எவரையும் கேட்கவில்லை. திருக்குறளின் ‘தூது’ அதிகாரமும் தூதன் தன் உயிர்க்கு இறுதி நேரினும் தன் வேந்தனுக்கு நன்மை தருபவனாதல் வேண்டும் என்றே வரையறுக்கிறது. மரபில் தூது என்பது விடுத்தவனின் நலத்திற்குரியது.

எல்லை கடந்த அணுத்தூசு

அணு ஆயுதம் இவ்வரையறையை மாற்றியது. 1954 மார்ச் 1 அன்று மார்ஷல் தீவுகளின் பிகினி வளையத்தீவில் அமெரிக்கா நடத்திய ‘காசில் பிராவோ’ சோதனை ஏறத்தாழ 15 மெகாடன் ஆற்றலை வெளிப்படுத்தியது. அறிவிக்கப்பட்ட இடர்ப்பகுதிக்கு வெளியே இருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் 23 பேர் கதிரியக்கத் தூசுக்கு ஆளாயினர். அவர்களுள் ஒருவர் அவ்வாண்டு செப்டம்பரில் இறந்தார். மார்ஷல் தீவுகளின் மக்களும் பாதிக்கப்பட்டனர். எப்போரிலும் ஈடுபடாதவர், எப்பக்கமும் சேராதவர், சோதனை ஒன்றினாலேயே தீங்குற்றனர்.

கொல்லிப் போரில் அழிந்த வேளிர் வில்லேந்திக் களத்தில் நின்றவர்கள். பிகினியின் தூசோ களம் எது, களத்திற்குப் புறம்பானது எது என்ற வேறுபாட்டையே நீக்கிவிட்டது. மூன்றாமவருக்குப் பேசும் உரிமை பிறந்த இடம் இதுவே. 1954 ஏப்ரல் 2 அன்று நாடாளுமன்றத்தில் ஜவஹர்லால் நேரு, முழுமையான ஆயுதக் குறைப்பு உடன்பாடு எட்டும் வரை சோதனைகளையேனும் நிறுத்திவைக்கும் உடன்பாடு ஒன்று வேண்டும் என்று முன்மொழிந்தார். ஆயுதத்தையும் சோதனையையும் பிரித்துப் பார்த்ததே இம்முன்மொழிவின் புதுமை. ஆயுதம் வல்லரசுகளின் உடைமை. சோதனையின் விளைவு அனைவரையும் சாருவது.

1958 இறுதி முதல் வல்லரசுகள் தாமாகச் சோதனைகளை நிறுத்திவைத்திருந்தன. 1961 செப்டம்பர் 1 அன்று சோவியத் ஒன்றியம் அவற்றை மீண்டும் தொடங்கியது. அக்டோபர் 30 அன்று ஏறத்தாழ 50 மெகாடன் ஆற்றலுடைய குண்டை வெடித்தது. அமெரிக்கா 1961 செப்டம்பரில் நிலத்தடிச் சோதனைகளையும், 1962 ஏப்ரலில் வளிமண்டலச் சோதனைகளையும் தொடங்கியது.

வாஷிங்டன் தூது

இப்பின்னணியில் காந்தி அமைதி நிறுவனம் 1962 ஜூனில் புதுதில்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாட்டைக் கூட்டியது. அதன் தொடர்ச்சியாக இராஜாஜி, ஆர்.ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகிய மூவர் குழு அமெரிக்கா சென்று 1962 செப்டம்பர் 28 அன்று கென்னடியைச் சந்தித்தது. இராஜாஜிக்கு அப்போது அகவை 83. சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் பணியாற்றி, 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவியவர் அவர். ஆட்சிப் பொறுப்பின் உச்சமாகிய கவர்னர் ஜெனரல் பதவியையும் வகித்திருந்தார்.

இத்தூதின் தன்மையை மூன்று செய்திகள் விளக்குகின்றன. முதலாவதாக, இஃது அரசு விடுத்த தூதன்று. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய இராஜாஜி, 1962இல் நேரு அரசின் கடுமையான எதிர்ப்பாளர். வேந்தன் நலத்திற்காகச் செல்வதே தூது என்னும் மரபு வரையறை இவருக்குப் பொருந்தவில்லை. இரண்டாவதாக, கம்யூனிசத்தைத் தம் முதல் எதிரி என்று 1952இலேயே அறிவித்தவர் அவர். சோவியத் சார்பினால் அமெரிக்காவை வற்புறுத்துகிறார் என்று எவரும் அவரைக் குறைகூற இயலாது. மூன்றாவதாக, அவர் கேட்டது பேரம் அன்று. எதிர்த்தரப்பு இசையும் வரை காத்திராமல் ஒரு தரப்பு முதலில் நிறுத்த வேண்டும் என்பதை 1950களிலிருந்தே எழுதியும் பேசியும் வந்தார். ஒருதலையான துறப்பு என்னும் இக்கருத்தின் வேர் காந்தியச் சிந்தனையில் உள்ளது.

சந்திப்பு ஒதுக்கப்பட்ட நேரத்தைக் கடந்து நீண்டது. கென்னடி தரப்பின் இடர்ப்பாடும் பொய்யன்று. 1961இல் முன்னறிவிப்பின் சில நாள்களிலேயே சோவியத் ஒன்றியம் சோதனையைத் தொடங்கிய அனுபவம் அண்மையது. நிலத்தடிச் சோதனைகளைக் கண்காணிக்க நேரடி ஆய்வு வேண்டும் என்பதில் இரு தரப்பும் உடன்படவில்லை. உடனடி உறுதிமொழி எதுவும் பெறாமலேயே குழு திரும்பியது.

அக்டோபர் 1962

சந்திப்பு நிகழ்ந்து மூன்று கிழமைகள் கழியுமுன் உலகம் அணுப்போரின் விளிம்புக்குச் சென்றது. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்படுவது அக்டோபர் 16 அன்று கென்னடிக்குத் தெரிவிக்கப்பட்டது. 28 அன்று அவற்றை அகற்றக் குருஷ்சேவ் இசைந்தார். இவ்விடைக்காலத்திலேயே, அக்டோபர் 20 அன்று, இந்திய சீனப் போர் மூண்டது. நவம்பரில் நேரு கென்னடிக்கு எழுதிய கடிதங்கள் அமெரிக்க வான்படை உதவியை வேண்டின.

இந்நிகழ்வு மூன்றாமவரின் அறநிலையைப் பற்றிய எளிய கருத்துகளுக்கு இடந்தரவில்லை. செப்டம்பரில் ஆயுதச் சோதனையை நிறுத்துமாறு கேட்கச் சென்ற நாட்டின் அரசு, நவம்பரில் அதே தலைநகரிடம் படைத்துணை கேட்டது. இராஜாஜியின் தூது அரசின் தூதன்று என்பதால் இரண்டும் நேர்முரண் அல்ல. ஆயினும் இடைப்பட்ட நாடு என்பது பகையற்ற நாடு என்று பொருள்படாது. தகடூரிலிருந்து தூது விடுத்த அதியமான் கோவலூரை எறிந்தவனே. தூது விடுப்பவரின் கைகள் தூயனவாக இருப்பதால் மட்டுமே தூதுக்கு மதிப்பு உண்டு எனின், வரலாற்றில் எத்தூதும் மதிப்புப் பெறாது.

உடன்படிக்கையும் அதன் எல்லையும்

1963 ஜூன் 10 அன்று அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், பிற நாடுகள் நடத்தாத வரை அமெரிக்கா வளிமண்டலச் சோதனைகளை நடத்தாது என்று கென்னடி அறிவித்தார். ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் ஆகியவை மாஸ்கோவில் பகுதிச் சோதனைத் தடை உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்தியா ஆகஸ்ட் 8 அன்று கையெழுத்திட்டது. வளிமண்டலம், விண்வெளி, நீரடி ஆகிய மூவிடங்களிலும் சோதனை தடைசெய்யப்பட்டது; நிலத்தடிச் சோதனைக்குத் தடை இல்லை.

ஜூன் அறிவிப்பு வடிவில் இராஜாஜி கேட்டதை ஒத்திருக்கிறது. ஒரு தரப்பு, உடன்பாட்டுக்குக் காத்திராமல், முதலில் அடியெடுத்து வைத்தது. இவ்வொற்றுமையைக் கொண்டு அவர் தூதே காரணம் என்று கூறுவது பிழையாகும். கியூபா நெருக்கடி இரு தரப்பிலும் விளைத்த அச்சம், பாலிலும் குழந்தைகளின் பற்களிலும் ஸ்ட்ரான்சியம்-90 கண்டறியப்பட்டதால் அமெரிக்க மக்களிடம் எழுந்த எதிர்ப்பு, சோவியத் சீன உறவில் விழுந்த விரிசல் ஆகியவை வலிமையான காரணங்கள். 1954 முதல் பல நாடுகளிலிருந்து எழுந்த குரல்களுள் இராஜாஜியின் குரலும் ஒன்று. அக்குரல்கள் சோதனையை வல்லரசுகளின் உள்விவகாரமாக இருக்கவிடாமல் தடுத்தன.

உடன்படிக்கை எதனைத் தடுத்தது, எதனை விட்டது என்பதை நோக்கினால் தூதின் எல்லை புலனாகும். மூன்றாமவரைத் தாக்கிய வளிமண்டலச் சோதனை தடைசெய்யப்பட்டது. போட்டிக்குத் தேவையான சோதனை நிலத்தடியில் தொடர்ந்தது. அமெரிக்கா நடத்திய சோதனைகள் மொத்தம் 1,054. சோவியத் ஒன்றியம் நடத்தியவை 715. இரண்டிலும் பெரும்பான்மை நிலத்தடிச் சோதனைகளே. உடன்படிக்கையில் சேராத சீனா 1964 அக்டோபர் 16 அன்று வளிமண்டலத்தில் தன் முதல் சோதனையை நடத்தியது. உடன்படிக்கையில் முந்திக் கையெழுத்திட்ட இந்தியாவும் 1974 மே 18 அன்று பொக்ரானில், நிலத்தடியில், தன் முதல் சோதனையை நடத்தியது. உடன்படிக்கையின் சொல்லை அது மீறவில்லை. உடன்படிக்கை விட்டுவைத்த இடத்தையே பயன்படுத்தியது.

முடிவுரை

ஔவையாரின் தூது படைக்கலக் காட்சியின் செருக்கை உடைத்தது; ஆனால் தகடூரின் அழிவைத் தமிழ்நிலம் தவிர்க்கவில்லை. இராஜாஜியின் தூதும் அதனையொத்த குரல்களும் சோதனையின் தீங்கை உலகின் பொது வழக்காக்கின. வல்லரசுப் போட்டி நிலத்தடிக்குச் சென்று நீடித்தது. இவ்விரு தூதுகளுக்கும் இடையிலான வேறுபாடு, பேசும் உரிமையின் ஊற்றில் உள்ளது. ஔவையார் தன் தலைவனின் வலிமையைச் சான்றாக்கிப் பேசினார். இராஜாஜி வலிமை எதனையும் பின்னிறுத்தாமல், தீங்கு தம்மையும் சாரும் என்ற ஒன்றையே சான்றாக்கிப் பேசினார். இவ்வுரிமை புதியது, அணுக்காலம் உண்டாக்கியது. அதன் எல்லையும் அங்கேயே உள்ளது. தீங்கு கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு மட்டுமே மூன்றாமவரின் சொல் ஏறுகிறது. அது நிலத்தடியில் மறைந்ததும் சொல்லின் வலிமையும் குறைகிறது.

கொல்லிமலையின் செம்மேட்டில் இன்று சிலையாக நிற்பவன் மலையைப் பெற்ற சேரன் அல்லன், இழந்த ஓரி. ஆடிப்பெருக்கையொட்டி ஆண்டுதோறும் விழா எடுக்கப்படுவதும் அவனுக்கே. பேராற்றல்களின் வரலாற்றை வென்றவர் பட்டியலாக மட்டும் எழுதாமல், இடைப்பட்டு இழந்தவர் வழியாகவும் எழுதுதல் பனிப்போர் ஆய்வுக்கும் பொருந்தும். பிகினியின் தீவு மக்கள், ஜப்பானிய மீனவர், சோதனைத் தளங்களின் அருகில் வாழ்ந்தோர் ஆகியோர் குறித்துத் தமிழில் ஆய்வுகள் பெருகுமாயின், வல்லரசுப் போட்டி என்னும் தொடரின் முழுப்பொருள் தமிழ் வாசகர்க்குப் புலனாகும்.