அதிர்வு காட்டிய ஆழம்

மேற்குச் சுமத்திராவில் நிலம் கடுமையாக நடுங்கும்போது, மலாக்கா நகரின் உயர்ந்த அடுக்கு மாடிகளில் தொங்கும் விளக்குகள் மெல்ல அசைவதுண்டு. அதே வேளையில் ஜாசினிலோ அலோர் காஜாவிலோ தோட்டத்து வீடுகளில் இருப்போர் எதையும் உணராமல் தம் வேலையைப் பார்த்துக் கொண்டிருப்பர். தொலைவிலிருந்து புறப்படும் அதிர்வுகளுள் விரைந்து துடிப்பவை வழியிலேயே அடங்கிவிடுகின்றன. மெதுவாக அசைபவையே நீரிணையைக் கடந்து வருகின்றன. அவ்வசைவுக்கு உயர்ந்த கட்டடங்களே எளிதில் இணங்குகின்றன. ஆகவே அதிர்வு என்பது, தான் கடந்து வந்த வழியின் செய்தியையும் சுமந்து வரும் தூதன் எனலாம். அத்தூதனின் மொழியை மனிதன் கற்றுக்கொண்ட வரலாறே, பூமியின் ஆழத்தையும் சந்திரன், செவ்வாய் ஆகியவற்றின் உள்ளமைப்பையும் அவன் அறிந்துகொண்ட வரலாறாகும்.

சந்தையில் மண்பானை வாங்குவோர் அதைத் தட்டிப் பார்த்தே விரிசல் உண்டா இல்லையா என்பதை அறிகின்றனர். பூமியை அறியவும் அதுவே வழியாயிற்று. தரையிலிருந்து பூமியின் நடுப்புள்ளி ஏறத்தாழ 6,370 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. மனிதன் தோண்டிய மிக ஆழமான துளையோ 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது. தோண்டி அறிய இயலாததைத் தட்டித்தான் அறிய வேண்டும். பூமியைத் தட்டும் கை நில நடுக்கமே.

மலாக்காவில் டான் சாய் யான் என்பார் 1896இல் முதன்முதலாக வாணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு, 1897 ஜூன் 12ஆம் நாள், அசாமில் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. ஷில்லாங்கின் கற்கட்டடங்கள் தரைமட்டமாயின. சுமார் 1,500 பேர் மாண்டனர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம் அப்பேரழிவை ஆராய்ந்து, 1899இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஐரோப்பியக் கருவிகள் வரைந்திருந்த கோடுகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். அவற்றில் மூவகை அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருப்பதைக் கண்டார்.

முதலில் வருவது, பொருளை முன்னும் பின்னுமாக நெருக்கும் அலை. சரக்கு ரயிலின் எஞ்சின் இடித்தவுடன் அவ்விடி பெட்டிக்குப் பெட்டி தாவிச் செல்வதை ஒத்தது அது. அடுத்து வருவது, கயிற்றை உதறினாற்போல் பக்கவாட்டில் அசைக்கும் அலை. இது திரவத்தினூடே செல்லாது. இறுதியில் வருவது நிலத்தின் மேற்பரப்பை ஒட்டியே பரவும் அலை. முதலிரண்டும் பூமியின் உட்பகுதியைத் துளைத்து வருவன. பூகம்பம் நிகழ்ந்த இடத்துக்கு மறுபுறத்தில் அவை எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வந்து சேர்வதைக் கொண்டு, பூமிக்குள் வேறு தன்மையுள்ள ஒரு கரு இருக்கிறது என்று 1906இல் ஓல்டாம் எடுத்துரைத்தார். அக்கருவின் மேற்புறம் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதைப் பின்னர் ஜெர்மானியரான குட்டன்பர்க் கணக்கிட்டார். 1926இல் ஆங்கில அறிஞர் ஜெஃப்ரீஸ் அது திரவமே என்று காட்டினார். 1936இல் டென்மார்க்கின் இங்கே லேமன் என்னும் அம்மையார், அத்திரவத்தின் நடுவே மற்றோர் உட்கரு இருப்பதை நிறுவினார்.

அசாம் பூகம்பத்தின்போது இந்தியாவில் நில நடுக்க ஆய்வு நிலையம் இல்லை. அவ்விழப்புக்குப் பின்னரே கல்கத்தாவின் அலிப்பூரிலும், பம்பாயிலும், தமிழகத்தின் கொடைக்கானலிலும் ஜான் மில்ன் வகுத்த பதிவுக் கருவிகள் 1898, 1899ஆம் ஆண்டுகளில் நிறுவப்பட்டன. உலகெங்கும் பரவிய மில்ன் கருவிகளின் வரிசையில் இவ்வாறு ஒரு தமிழ் மலையூரும் இடம் பெற்றது. ஓர் ஊரில் வரைந்த கோடு மற்றோர் ஊரின் கோட்டுடன் சேர்ந்தபோதுதான் பூமியின் ஆழம் புலப்பட்டது என்பது கருதத்தக்கது.

பூமியில் வெற்றி கண்ட முறை அடுத்துச் சந்திரனுக்குச் சென்றது. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் வைத்த கருவி சுமார் மூன்று வாரமே இயங்கியது. அதன்பின் அப்பல்லோ 12, 14, 15, 16 ஆகிய பயணங்களில் வைத்த நான்கு கருவிகள் 1977 செப்டம்பர் 30 வரை செய்தி அனுப்பின. 1969 நவம்பர் 20இல் பயன் முடிந்த கலப் பகுதியொன்றைச் சந்திரன்மீது மோதவிட்டபோது, அதிர்வு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓயவில்லை. சந்திரனின் மேற்பகுதி நொறுங்கிக் கிடப்பதால் அலைகள் அங்கே சிதறித் திரிகின்றன. அவற்றை அடக்கும் நீரும் அங்கில்லை. மேலும், 700 கிலோமீட்டருக்கும் கீழே சிறு நடுக்கங்கள் மாதந்தோறும் ஒழுங்காக நிகழ்வதும் தெரிய வந்தது. மலாக்கா நீரிணையில் சந்திரனின் ஈர்ப்பு அலையேற்றத்தை உண்டாக்குவது போலவே, பூமியின் ஈர்ப்பு சந்திரனின் ஆழத்தை நெருடுகின்றது.

கருவிகள் நிறுத்தப்பட்டன, ஆயினும் நாடாக்களில் இருந்த பதிவுகள் பாதுகாக்கப்பட்டன. 2011இல் அவற்றைப் புதிய முறையில் ஆராய்ந்தவர்கள், சந்திரனுக்கும் திரவக் கரு உண்டு, அதன் ஆரம் சுமார் 330 கிலோமீட்டர், அதனுள் திடமான உட்கருவும் உண்டு என்று கண்டனர். முப்பத்து நான்கு ஆண்டுகள் உறங்கிய பதிவுகள் அன்று பேசின.

சந்திரனில் அடுத்த கருவியை வைத்தது இந்தியா. விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3, 2023 ஆகஸ்ட் 23இல் தென்துருவத்தை நோக்கிய பகுதியில் இறங்கியது. சந்திரனின் மேட்டு நிலத்தை ஒத்த பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைப்பதால், அதைப் பொடித்துச் செய்த மண், இந்தியச் சந்திரப் பயணச் சோதனைகளுக்குப் பயன்பட்டதும் தமிழர் அறிய வேண்டிய செய்தி. கலத்திலிருந்த 'இல்சா' என்னும் சிறு கருவி, ஊர்தி நகர்ந்த அதிர்வையும், ஆகஸ்ட் 26இல் இயற்கையானதாகத் தோன்றிய ஓர் அதிர்வையும் பதிவு செய்தது. ஒரே இடத்தில் சில நாள் மட்டும் இயங்கிய கருவியால் ஆழத்தை அளக்க இயலாதெனினும், 1977க்குப் பின் அறுந்திருந்த தொடர்பு மீண்டும் இணைந்தது.

செவ்வாயிலோ முதல் முயற்சி கைகூடவில்லை. 1976இல் இறங்கிய இரு வைக்கிங் கலங்களுள் ஒன்றின் கருவி திறக்கவேயில்லை. மற்றொன்று பெரும்பாலும் காற்றின் அசைவையே பதிவு செய்தது. 2018இல் இறங்கிய இன்சைட் கலம், கருவியைத் தரையிலேயே வைத்து, காற்றுப்படாமல் மூடியது. 2022 டிசம்பரில் ஓயும் வரை 1,300க்கும் மேற்பட்ட நடுக்கங்களை அது பதிவு செய்தது. அக்கோளின் கரு சுமார் 1,830 கிலோமீட்டர் ஆரமுள்ளது என்று 2021இல் கூறினர். மறுபுறத்தில் ஒரு விண்கல் விழுந்த அதிர்வையும் சேர்த்து ஆராய்ந்தபின், கரு அதனினும் சிறியது, உருகிய பாறைப் படலம் அதைச் சூழ்ந்துள்ளது என்று 2023இல் திருத்தினர்.

இவ்வறிவின் பயன் என்ன என்று வினவுவோர்க்கு 2004 டிசம்பர் 26 விடை கூறும். அன்று சுமத்திராவின் வடமேற்கே எழுந்த பூகம்பத்தால் பூமி முழுவதுமே மணிபோல் அதிர்ந்தது. உலகெங்கும் கருவிகள் அதைச் சில நிமிடங்களிலேயே உணர்ந்தன. கடல் அலை நாகப்பட்டினம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஆயினும் கரையிலிருந்தோர்க்குச் செய்தி சொல்லும் ஏற்பாடு இல்லை. அம்மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தனர். சுமத்திரா தீவு அரணாக நின்றமையால் மலாக்கா தப்பியது. எச்சரிக்கை அமைப்புகள் அதன் பின்னரே மலேசியாவிலும் இந்தியாவிலும் உருவாயின.

அசாமின் துயரம் கொடைக்கானலுக்குக் கருவியைத் தந்தது. நாகையின் துயரம் கடற்கரைக்கு எச்சரிக்கையைத் தந்தது. அதிர்வைக் கருவி குறித்துவிடும். குறித்ததைப் பேணிக் காப்பதும், உரியவர்க்கு உரிய நேரத்தில் சொல்வதும் மனிதனின் கடமை. அக்கடமையில் தவறினால், செவ்வாயின் ஆழத்தை அளந்த அறிவும் கரையில் நிற்கும் மீனவனுக்கு உதவாது.