ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக்

கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பாலிஸ்டைரீன் அளவுகோலைச் சற்றே வளைத்தால் படீரென ஒடிந்துவிடும். என் வகுப்பறைகளில் அவ்வாறு ஒடிந்தவற்றிற்குக் கணக்கில்லை. அன்று பிள்ளைகளைக் கடிந்துகொண்டேன். குற்றம் பொருளினுடையது என்று பின்னரே உணர்ந்தேன்.

1839ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து மருந்து வணிகர் எட்வர்ட் சைமன், ஒருவகை மரப்பிசினைக் காய்ச்சி வடித்து ஸ்டைரீன் என்னும் எண்ணெயைப் பெற்றார். அது நாளடைவில் தானே இறுகிற்று. சிறு மூலக்கூறுகள் பிணைந்து நெடுஞ்சங்கிலிகளாவதே காரணம் என்பது, 1920இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் எழுதிய பின்னரே விளங்கலாயிற்று. 1930களில் ஜெர்மனியில் பாலிஸ்டைரீன் ஆலைப்பொருளாயிற்று. மலிவும் அழகும் இருந்தன, உறுதிதான் இல்லை.

ரப்பரைக் கலந்தால் நொறுங்காதன்றோ என்று நீங்கள் கேட்கலாம். எண்ணெயும் நீரும்போல இரண்டும் ஒட்டுவதில்லை. வெறுமனே கலந்தால், அடிபட்டதும் இரண்டும் சேருமிடத்திலேயே விரிசல் ஓடும். ரஷ்யாவில் பிறந்த ஆஸ்ட்ரோமிஸ்லென்ஸ்கி வேறு வழி கண்டார். ரப்பரை ஸ்டைரீனில் கரைத்து, அதன்பின் இறுகச் செய்யும் அம்முறைக்கு 1927இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அவ்வாறு செய்யுங்கால் ரப்பர்ச் சங்கிலியின்மீதே ஸ்டைரீன் சங்கிலிகள் கிளைவிட்டு வளர்கின்றன. நாட்டு மாங்கன்றில் மல்கோவாக் கிளையை ஒட்டுக் கட்டுகிறோமே, அதுபோன்றதே இது. இத்தகைய ஒட்டுப் பாலிமரின் ஒரு பகுதி ரப்பரையும் மறுபகுதி பிளாஸ்டிக்கையும் சார்ந்து நின்று, இரண்டையும் பிணைக்கிறது.

ஆயினும் கிளறாது விட்டால் ரப்பர் வலைபோல் எங்கும் பரவி நின்று, பொருளை வேண்டியவாறு வார்க்க இயலாது செய்துவிடும். இறுகும்போதே இடைவிடாது கிளறினால், ரப்பர் மிக நுண்ணிய துளிகளாகப் பிரிந்து பாலிஸ்டைரீனுள் தங்கும். இம்முறைக்கு டௌ நிறுவனத்தார் 1954இல் காப்புரிமை பெற்றனர். கருத்திற்கும் கிளறலுக்கும் இடையே 27 ஆண்டுகள்! பாயசம் காய்ச்சும் நம் வீட்டுப் பெண்களைக் கேட்டிருந்தால் இத்துணைக் காலம் பிடித்திராது என்று எண்ணி நகைப்பதுண்டு.

நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு ரப்பரே போதும். அக்ரிலோநைட்ரைலும் சேர்ந்த ஏ.பி.எஸ். என்னும் உறவுப் பொருளும் அக்காலத்தே தோன்றியது. 1963இல் லெகோ விளையாட்டுக் கட்டைகள் அதற்கு மாறின.

இவ்வுறுதிக்கு விலை உண்டு. ரப்பர்த் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் பளிங்குத் தன்மை போய்விடும். இப்பொருளை வளைத்துப் பாருங்கள்; மடிப்பில் வெண்தழும்பு தோன்றும். ஒரே பெருவிரிசல் ஓடாமல், துளிதோறும் கண்ணுக்குப் புலனாகாத எண்ணற்ற நுண்கீறல்கள் எழுந்து அடியின் வேகத்தைப் பங்கிட்டுக்கொண்ட இடமே அவ்வெண்மை.