இடையன்குடி மறைப்பணி இல்லம்: கால்டுவெல் – எலைசா இணையரின் அன்றாட வாழ்வு (1844–1891)

ஆய்வுச்சுருக்கம்

இராபர்ட் கால்டுவெல் தமிழியல் உலகில் ஒப்பிலக்கண ஆசிரியராகவே பெரிதும் அறியப்படுகிறார். அவர் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் தம் மனைவி எலைசாவுடன் நடத்திய இல்வாழ்வும், அவ்வில்லத்தை மையமாகக் கொண்டு நிகழ்ந்த அன்றாடப் பணிகளும் ஆய்வாளர் கவனத்தைக் குறைவாகவே பெற்றுள்ளன. அயல்நிலத்தில் பணியாற்றிய மூத்த மறைப்பணி இணையர் என்னும் நிலையில் இவ்விருவரையும் ஒருங்கே வைத்து நோக்குவதும், பதிவுகளில் ஒருவர் பெயரால் மட்டும் வழங்கும் பணி எவ்வாறு இருவர் உழைப்பாக இருந்தது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: கால்டுவெல், எலைசா, இடையன்குடி, மறைப்பணி இல்லம், ரேந்தைப் பின்னல், பெண்கல்வி, திருநெல்வேலி.

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மறைப்பணி வரலாறு பெரும்பாலும் ஆடவர் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சங்கங்களுக்கு ஆண்டறிக்கை எழுதியவர்களும், ஊதியப் பட்டியலில் இடம்பெற்றவர்களும், நூலாசிரியர்களாக விளங்கியவர்களும் ஆடவரே. மறைப்பணியாளரின் மனைவி சங்கத்தின் பணியாளராகக் கருதப்படவில்லை. அவர் நடத்திய பள்ளி, கணவரின் பணிக்களத்தைச் சேர்ந்த பள்ளி என்றே கணக்கில் ஏறியது. ஆகவே ஒரு மறைப்பணி இல்லத்தின் அன்றாடத்தை அறிய முற்படுவோர், அறிக்கைகளின் நேர்ப்பொருளோடு அவற்றின் இடைவெளிகளையும் படிக்க வேண்டியுள்ளது.

கால்டுவெல்லைப் பொறுத்தவரை சான்றுகள் ஓரளவு வாய்த்துள்ளன. 1857இல் நூலாக வெளிவந்த திருநெல்வேலி மறைப்பணி பற்றிய சொற்பொழிவுகள், 1881இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்ட வரலாறு, அதே ஆண்டில் வெளிவந்த திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கக்கால ஆவணத் தொகுப்பு ஆகியன அவர் தம் வாழ்நாளில் வெளியிட்டவை. அவர் மறைந்தபின், 1894இல், மருமகன் ஜே. எல். வயட் அவருடைய நினைவுக்குறிப்புகளைப் பதிப்பித்தார். ஒரு குடும்பத்தின் நினைவு அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒருவராலேயே தொகுக்கப்பட்டது என்பதை இங்குக் கருத வேண்டும். எனினும் அந்நூலிலும் பேசும் குரல் கணவருடையதே.

இருவேறு வழிகள்

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தில் ஸ்காட்லாந்துக் குடும்பமொன்றில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இலண்டன் மிசனெரி சங்கத்தின் பணியாளராக 1838 சனவரியில் சென்னை வந்து சேர்ந்தார். 1841இல் அச்சங்கத்தை விட்டு நீங்கி ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சார்ந்த எஸ்.பி.ஜி. சங்கத்தில் சேர்ந்தார். சென்னையிலிருந்து தஞ்சை, திருச்சி, நீலகிரி, மதுரை வழியாகப் பெரும்பகுதி நடந்தே சென்று அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். மக்களின் பேச்சையும் பழக்கவழக்கங்களையும் நேரில் அறிய இந்நடைப்பயணம் அவருக்கு வாய்ப்பளித்தது.

எலைசா தமிழ்நிலத்திற்கு வந்த வழி வேறு. அவர் 1822இல் பிறந்தவர். தந்தை சார்லஸ் மால்ட், தாய் மார்த்தா மால்ட் ஆகிய இருவரும் 1819 முதல் திருவிதாங்கூரின் நாகர்கோவிலில் இலண்டன் மிசனெரி சங்கத்தின் சார்பில் பணியாற்றியவர்கள். கணவருக்குத் தமிழ் இளமைப் பருவத்தில் முயன்று கற்ற மொழி. மனைவிக்கோ அது பிறந்த வீட்டைச் சூழ்ந்திருந்த மொழி. 1844ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் நாகர்கோவிலில் இவர்களது திருமணம் நிகழ்ந்தது. கால்டுவெல் விட்டு விலகிய சங்கத்தைச் சார்ந்த குடும்பத்திலேயே அவர் பெண் கொண்டார் என்பது நோக்கத்தக்கது. சங்கங்களுக்கிடையே கொள்கை வேறுபாடுகள் இருந்தபோதும், தென்கோடி மறைப்பணி இல்லங்கள் உறவால் பிணைந்திருந்தமைக்கு இத்திருமணம் ஒரு சான்று.

தேரி நிலத்தில் ஓர் ஊர்

இடையன்குடி திருநெல்வேலியின் தென்கிழக்குக் கரையோரப் பகுதியில் திசையன்விளையை அடுத்து அமைந்துள்ளது. செம்மணல் தேரியும் பனையும் நிறைந்த, மழை குறைந்த நிலம் அது. ஊராரின் வாழ்வு பனையைச் சார்ந்தே இயங்கியது. பதனீர்ப் பருவத்தில் ஆடவர் விடியுமுன் எழுந்து நாளொன்றுக்கு முப்பது முதல் ஐம்பது மரங்கள்வரை ஏறி இறங்கினர். அவற்றையே மாலையிலும் மீண்டும் ஏறினர். பெண்கள் பதனீரைச் சுமந்து வந்து காய்ச்சிக் கருப்பட்டியாக்கினர். சிறுமியர்க்கும் விறகு பொறுக்குதல், அடுப்புக் காத்தல் முதலிய வேலைகள் இருந்தன.

மறைப்பணி இல்லத்தின் நாளொழுங்கும் பனையின் ஒழுங்கிற்கு உட்பட்டே அமைந்தது. மக்கள் கூடும் வழிபாடும் மறைக்கல்வியும் மரமேறும் நேரத்திற்கும் கருப்பட்டி காய்ச்சும் நேரத்திற்கும் இடையே அமைய வேண்டியிருந்தன. சுற்றுச்சிற்றூர்களில் பணிபுரிந்த உபதேசியார்களைக் கூட்டி அறிக்கை கேட்பதும், அவர்களுக்குப் பாடம் சொல்வதும், வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பதும், கணக்குப் பார்ப்பதும் மறைப்பணியாளரின் வழக்கமான வேலைகளாயின. கால்டுவெல் ஊரின் அமைப்பையும் மாற்றினார். நிலம் வாங்கி, தெருக்களை நேராக வகுத்து, கிணறுகள் தோண்டி, மரங்கள் நட்டார். இன்றும் இடையன்குடியின் நேர்த்தெருக்களில் அவ்வமைப்பைக் காணலாம். குருவின் வீடு இவ்வாறு வழிபாட்டோடு நில்லாது, நீதி, கல்வி, ஊர்நிருவாகம் ஆகியவற்றிற்கும் உரிய இடமாயிற்று. இதனால் மக்களுக்குக் கிடைத்த பாதுகாப்பும், மறைப்பணியாளரின் கையில் குவிந்த அதிகாரமும் பிரிக்க இயலாதவையாக இருந்தன.

எலைசாவின் பள்ளியும் ரேந்தைப் பின்னலும்

எலைசா இடையன்குடிக்கு வந்தபோது வெறுங்கையோடு வரவில்லை. நாகர்கோவிலில் இரு பத்தாண்டுகளாக வளர்ந்திருந்த ஒரு முறைமையைத் தம்முடன் கொண்டு வந்தார். தாய் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் சிறுமியர்க்குத் தங்கிப் பயிலும் பள்ளி நடத்தி, அங்கு ரேந்தைப் பின்னலையும் கற்பித்தார். தென்தமிழ் வழக்கிலுள்ள ‘ரேந்தை’ என்னும் சொல் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. திண்டின்மேல் வடிவத்தாளைப் பொருத்தி, ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறுகட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் இக்கைவினை, கண்கூர்மையும் பொறுமையும் வேண்டுவது. விற்று வந்த வருவாய் பள்ளியை நடத்த உதவியதுடன் பின்னிய பெண்களுக்கும் கூலியாயிற்று. திருவிதாங்கூரில் 1855இல் அடிமைமுறை ஒழியும்முன், அடிமைப்பட்டிருந்த சில பெண்கள் இவ்வருவாயைக் கொண்டே தம் விடுதலையைப் பெற்றனர்.

இம்முறைமையே இடையன்குடியில் தொடர்ந்தது. எலைசா சிறுமியர்க்குத் தங்கிப் பயிலும் பள்ளியைத் தொடங்கி, எழுத்தும் வாசிப்பும் தையலும் ரேந்தைப் பின்னலும் கற்பித்தார். பகற்பள்ளியைவிட உறைவிடப் பள்ளி அவ்வூருக்குப் பொருந்தியதன் காரணம் பனைத்தொழிலில் உள்ளது. பதனீர்ப் பருவத்தில் வீட்டிலிருக்கும் சிறுமிக்குப் பள்ளி எட்டாதது. வீட்டு வேலையிலிருந்து விலகித் தங்கினால் மட்டுமே அவளுக்குப் படிப்பு தொடரும். இதனால் குடும்பம் இழந்த உழைப்பை ரேந்தை வருவாய் ஓரளவு ஈடு செய்திருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு. இவ்வகையில் கைவினை கல்விக்கு இணைப்பாக மட்டும் அமையவில்லை. கல்வியை இயலச் செய்த பொருளியல் அடிப்படையாகவும் விளங்கியது.

இருவர் பணியையும் ஒப்புநோக்கினால் ஒரு பகிர்வு புலப்படும். கணவர் சிற்றூர்களுக்குச் சென்று திரும்புபவர். மாதக்கணக்கிலும் சிலவேளை ஆண்டுக்கணக்கிலும் இல்லத்தை விட்டு அகன்றிருந்தவர். மனைவியின் பள்ளியோ நாள்தோறும் உணவிட்டு நடத்தப்பட வேண்டியது. இவற்றோடு ஏழு குழந்தைகளைப் பெற்று வளர்த்த பொறுப்பும் எலைசாவுக்கு இருந்தது. பெண்களிடையே பேசிப் பழகும் பணியும் அவருடையதே. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இது நீடித்தது.

எழுத்து மேசையும் அதன் எல்லையும்

இவ்வன்றாடத்தின் நடுவிலேயே கால்டுவெல்லின் மொழியாய்வு முகிழ்த்தது. உடல்நலம் குன்றி 1854இல் தாயகம் சென்ற அவர், 1856இல் இலண்டனில் ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ நூலை வெளியிட்டார். நூல் அச்சேறியது இலண்டனிலேயாயினும், அதற்குரிய தமிழறிவு இடையன்குடியின் திண்ணையிலும் தெருவிலும் சேர்ந்தது. இரண்டாம் பதிப்பு 1875இல் மற்றொரு தாயகப் பயணத்தின்போது வெளிவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஹென்றி பவர் முதன்மைப் பொறுப்பேற்ற தமிழ் விவிலியத் திருத்தக் குழுவிலும் அவர் பங்கேற்றார். பின்னர்க் கொற்கையில் அகழ்ந்து பழம்பாண்டியர் துறைமுகத்தின் தடயங்களைத் தேடினார்.

மக்களோடு நெருங்கி வாழ்வது அவர்களை மதிப்புடன் எழுதுவதற்கு உறுதியளிப்பதில்லை என்பதற்கும் அவரது எழுத்தே சான்றாகிறது. தம் திருச்சபையின் பெரும்பகுதியினரான நாடார் சமூகத்தைப் பற்றி அவர் 1849இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அயல்நாட்டு ஆதரவாளர்களை நோக்கி எழுதப்பட்ட அந்நூல் அச்சமூகத்தின் சமயத்தையும் அறிவாற்றலையும் தாழ்த்திப் பேசியது. அச்சமூகத்தில் ஆங்கிலம் பயின்ற தலைமுறை உருவாகி நூலைப் படித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. முன்னர்ச் சங்கத்தின் உபதேசியாராக இருந்து மறைப்பணியாளருடன் முரண்பட்டு, 1857இல் தனித் திருச்சபை கண்ட அருமைநாயகம் சட்டம்பிள்ளை அவ்வெதிர்ப்பாளருள் குறிப்பிடத்தக்கவர். இறுதியில் கால்டுவெல் நூலைத் திரும்பப் பெற நேர்ந்தது. எதிர்த்தோர்க்குக் கல்வி தந்தவை அவர் போன்றோர் நடத்திய பள்ளிகளே என்பது இந்நிகழ்வின் முரண். இல்லத்தின் அன்றாடம் மக்களை வாசிப்போராக ஆக்கியது. எழுத்து மேசை அவ்வாசிப்போரை எதிர்பார்க்கவில்லை.

மூப்புக்காலப் பணி

1877ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் கல்கத்தாவில் கால்டுவெல்லும் பாளையங்கோட்டை எட்வர்டு சார்ஜண்டும் சென்னைப் பேராயரின் துணை ஆயர்களாகத் திருநிலைப்படுத்தப்பட்டனர். அப்போது கால்டுவெல்லுக்கு வயது 62. எலைசாவுக்கு ஏறத்தாழ 55. ஓய்வுபெறத்தக்க அகவையில் பொறுப்புகள் கூடின. சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிய காலமும் அதுவே. நிவாரணப் பணிகளும், பஞ்சத்தின் பின் ஆயிரக்கணக்கானோர் திருச்சபையை நாடி வந்தமையும் இவ்விணையரின் மூப்புக்காலத்தை ஓய்வற்றதாக்கின. பஞ்சத்தில் வந்தவர்கள் சோற்றுக்காக வந்தவர்களா, நம்பிக்கையால் வந்தவர்களா என்னும் வினா அக்காலத்திலேயே எழுந்தது.

1847இல் அடிக்கல் நாட்டப்பெற்ற இடையன்குடித் தூய திரித்துவ ஆலயம் 33 ஆண்டுகள் கழித்து, 1880ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் திருநிலைப்படுத்தப்பட்டது. மணமாகி ஏறத்தாழ மூன்றாண்டில் தொடங்கிய கட்டடம், கட்டியவர் அறுபத்தாறு வயதை எட்டியபோது நிறைவுற்றது. பொருள் கிடைத்தபோது வளர்ந்தும் கிடைக்காதபோது நின்றும் போன கட்டடமாதலின், அதன் சுவர்களை அவ்வில்லத்தின் வரவுசெலவுக் கணக்கு எனவும் கொள்ளலாம்.

1883இல் சாயர்புரத்தில் இயங்கிய கல்லூரி தூத்துக்குடிக்கு மாற்றப்பட்டது. கால்டுவெல்லும் அங்குக் குடியேறினார். தேரி நிலத்துச் சிற்றூரிலிருந்து துறைமுக நகருக்குச் செல்வது, நாற்பதாண்டுப் பழக்கத்தை முதுமையில் மாற்றுவதாகும். 1891 சனவரி 31இல் அவர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். தாயகம் திரும்பாமல் கொடைக்கானலில் தங்கினார். அங்கேயே அவ்வாண்டு ஆகஸ்டு 28இல் தம் 77ஆம் வயதில் மறைந்தார். அவரது உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, நெடுந்தொலைவு கொண்டுவரப்பட்டு, இடையன்குடி ஆலயத்தினுள் அடக்கம் செய்யப்பட்டது. எலைசா மேலும் எட்டாண்டுகள் வாழ்ந்து 1899இல் மறைந்தார். அவரும் அவ்வாலயத்திலேயே அடக்கம் பெற்றார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன புலனாகின்றன. முதலாவதாக, இடையன்குடி மறைப்பணியின் அடிப்படை அலகு தனி மறைப்பணியாளர் அல்லர், இல்லமே. கணவரின் நீண்ட பயணங்களும் எழுத்துப்பணியும், இல்லத்தைத் தொடர்ந்து நடத்திய ஒருவரின் உழைப்பைச் சார்ந்திருந்தன. இரண்டாவதாக, பெண்கல்வியும் ரேந்தைப் பின்னலும் மார்த்தாவிடமிருந்து எலைசாவுக்கு, தாயிடமிருந்து மகளுக்கு, வந்த மரபாகும். அதனைக் கால்டுவெல்லின் சாதனையாக மட்டும் எழுதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. மூன்றாவதாக, அன்றாட நெருக்கம் அதிகாரத்தையும் தப்பெண்ணத்தையும் தானாக நீக்கவில்லை. 1849ஆம் ஆண்டு நூலும் அதற்கெழுந்த எதிர்ப்பும் இதனை உணர்த்துகின்றன.

கால்டுவெல்லுக்கு 1968இல் சென்னைக் கடற்கரையில் சிலை எழுந்தது. எலைசாவின் நினைவோ, அவர் பள்ளியில் எழுத்தறிந்த பெண்களின் வழித்தோன்றல்களிடமும் தென்கோடியின் ரேந்தைப் பின்னலிலுமே தங்கியுள்ளது. மறைப்பணிக் காலத் தமிழியலை எழுதப் புகுவோர் ஒப்பிலக்கணத்தின் பக்கங்களோடு பள்ளிக் கணக்கேடுகளையும் சேர்த்துப் படிக்கும்போதே அவ்வில்லத்தின் முழு வரலாறு துலங்கும்.