ஒற்றைப் பளிங்குக்காகக் காத்திருந்த காலம்

பொலன்னறுவையில் கிடைத்த வெண்கல நடராசரை எங்களில் பலர் கொழும்பு அருங்காட்சியகத்தில் பார்த்திருப்போம். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்துக்குள் உலோகத்தை ஊற்றி எடுத்தது அது. ஜெட் எஞ்சினுக்குள் சுழல்கிற டர்பைன் பிளேட்டுகளும் இதே மெழுகு வார்ப்பில்தான் பிறக்கின்றன எண்டால் நம்பக் கஷ்டமாத்தான் இருக்கும்.

விமானத்துறைக்கு இந்த முறை கோயில் சிற்பிகளிடமிருந்து போகவில்லை, பல் வைத்தியத்திலிருந்து போனது. அமெரிக்காவின் ஒஸ்டினல் நிறுவனம் செயற்கைப் பல் வேலைக்காக விட்டாலியம் என்ற கோபால்ட் கலப்புலோகத்தை மெழுகு முறையில் வார்த்து வந்தது. இரண்டாம் உலகப்போர் வந்ததும், போர் விமானங்களின் டர்போ சூப்பர்சார்ஜர் பிளேட்டுகளையும் அப்படியே வார்த்தார்கள்.

ஆனால் சாதாரண வார்ப்பில் ஒரு சிக்கல். உருகிய உலோகம் ஆறும்போது எண்ணற்ற சிறு மணிகளாக உறையும். கடும் சூட்டில் வேகமாகச் சுழலும் பிளேட்டை அந்தச் சுழற்சியே வெளிநோக்கி இழுக்கும். அப்போது முதலில் வெடிப்பது மணியும் மணியும் சந்திக்கிற எல்லைகள்தான்.

1960களில் பிராட் அன்ட் விட்னி நிறுவனத்தில் பிரான்சிஸ் வேர்ஸ்னைடர் குழு இதற்கு வழி கண்டது. அச்சின் அடியில் குளிர்ந்த செப்புத் தட்டை வைத்து, உலையிலிருந்து அச்சை மெல்ல மெல்ல இறக்கினார்கள். உலோகம் கீழிருந்து மேலாக உறைந்தது. மணிகள் நீள நீளமாக வளர்ந்தன, இழுவிசைக்குக் குறுக்கே எல்லைகள் இல்லாமல் போயின. 1969இல் இது எஸ்ஆர்-71 உளவு விமானத்தின் எஞ்சினுக்குப் போனது.

அடுத்த படி, எல்லையே இல்லாத பிளேட். அச்சின் அடியில் பன்றி வால் மாதிரி ஒரு சுருள் பாதை. அந்தச் சுருளில் ஏறி மேலே வருவதற்குள் மற்ற மணிகள் எல்லாம் பின்தங்கிவிட, ஒண்டு மட்டும் மிஞ்சும். அதுவே முழுப் பிளேட்டாக வளரும். இவ்வளவுதான் சூட்சுமம்.

இதையும் 1960களிலேயே செய்து காட்டிவிட்டார்கள். பிறகேன் பயணிகள் விமானத்துக்கு வர 1982 ஆனது?

சோதித்துப் பார்த்தபோது, நீள மணிப் பிளேட்டை விடப் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை. செலவும் கூட. 1970களின் தொடக்கத்தில் வேலையைக் கிட்டத்தட்ட ஓரங்கட்டி வைத்தார்கள். குறை வார்ப்பில் இல்லை, ஊற்றின கலப்புலோகத்தில் இருந்தது. மணி எல்லைகளைப் பலப்படுத்தச் சேர்த்து வந்த காபன், போரன், சேர்க்கோனியம் எல்லாம் எல்லையே இல்லாத பிளேட்டிலும் அப்படியே கிடந்தன. எல்லை இல்லாத இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை? சும்மா கிடந்தாலும் பரவாயில்லை, கலப்புலோகம் உருகத் தொடங்கும் வெப்பநிலையையும் அவைதான் கீழே இழுத்தன. 1970களின் நடுப்பகுதியில் அவற்றை நீக்கிப் புதிய கலப்புலோகங்கள் செய்த பிறகுதான் ஒற்றைப் பளிங்கின் முழுப் பலம் வெளிவந்தது. போயிங் 767இலும் ஏர்பஸ் ஏ310இலும் பறந்த ஜேரி9டி-7ஆர்4 எஞ்சின் 1982இல் பறக்கச் சான்று பெற்றது, உள்ளே ஒற்றைப் பளிங்கு பிளேட்டுகளோடு.

கண்டுபிடித்தவரின் பெயரையும் ஆண்டையும் பாடமாக்கி வரலாற்றை முடித்துக்கொள்வது எங்கள் பழக்கம். இந்தக் கதையில் வரலாறு நடந்ததே கண்டுபிடித்ததற்குப் பிறகுதான். புது முறைக்குள் பழைய கலவையை ஊற்றிவிட்டு, முறை சரிவரவில்லை எண்டு தீர்ப்புச் சொல்லப் பார்த்தார்கள். யாரோ திரும்பி வந்து, ஊற்றினது என்ன எண்டு கேட்டிராவிட்டால், அது அந்த மூலையிலேயே கிடந்திருக்கும்.