1995: ஆசிய கோல்ஃபுக்கு வீட்டுக்காரன் வந்த வருஷம்

டிஸ்கி: நான் கோல்ஃப் மட்டையைக் கையால தொட்டதில்லை. பெங்களூர்ல பொட்டி தட்டுறவன். ஆபீஸ் போற வழியில கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தெரியற பச்சைப் புல்லுதான் எனக்கும் கோல்ஃபுக்கும் உள்ள நேரடித் தொடர்பு.

போன பௌர்ணமிக்கு ஊருக்குப் போயிருந்தேன். (பௌர்ணமிங்கறது திருவண்ணாமலைக்காரன் ஊருக்கே போகக்கூடாத நாள். பஸ்ல நிக்கக்கூட இடம் இருக்காது. புத்தி வந்தாத்தானே!) கிரிவலம் முடிச்சு காலை நீட்டிக்கிட்டு லேப்டாப்புல பழைய கோல்ஃப் மேட்ச் ஒண்ணு பாத்துட்டு இருந்தேன். சித்தப்பா எட்டிப் பாத்தார்.

"என்னடா இது, பணக்காரன் விளையாட்டெல்லாம் பாக்குற?"

"பின்னாடி ஒருத்தர் பை தூக்கிட்டுப் போறாரு பாருங்க சித்தப்பா. அவரு பணக்காரரு இல்ல. கேடின்னு சொல்லுவாங்க."

"கேடியா? ஸ்டேஷன்ல போட்டோ ஒட்டி வெச்சிருப்பானே, அந்தக் கேடியா?"

அந்தக் கேடி இல்லைன்னு புரிய வைக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. 18 குழியும் நடந்து முடிச்சா ஏழெட்டு கிலோமீட்டர் வரும். காலையில ஒரு ஆட்டம், சாயங்காலம் ஒரு ஆட்டம்னு பை தூக்கினா நம்ம 14 கிலோமீட்டர் கிரிவலம் மாதிரி ஆயிடும், அதுவும் தோள்ல பத்துப் பதினஞ்சு கிலோவோடன்னு சொன்னதும் மனுஷன் பக்கத்துல உக்காந்துட்டார்.

சரி, மேட்டருக்கு வருவோம். கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இருக்கறதுலயே பழைய கோல்ஃப் கிளப் நம்ம கல்கத்தாவுலதான் இருக்கு. 1829-ல ஆரம்பிச்சது. ஆனா ஆசியாவுல கோல்ஃப் ஆடியே சம்பாதிக்கற மாதிரி ஒரு தொடர் வந்தது 1960-கள் தொடக்கத்துலதான். அப்போ பேரு ஃபார் ஈஸ்ட் சர்க்யூட். பிலிப்பைன்ஸ், ஹாங்காங், சிங்கப்பூர், மலாயான்னு வாராவாரம் ஒரு ஊர். பிரிட்டிஷ் ஓப்பனை 5 தடவை ஜெயிச்ச ஆஸ்திரேலியர் பீட்டர் தாம்ஸன் இதுக்காக நிறைய உழைச்சார். இந்தியன் ஓப்பன் 1964-ல தொடங்கினதுலயும் அவர் கை உண்டு. முதல் கோப்பையையும் அவரே தூக்கிட்டுப் போயிட்டார் :-)

அடுத்த வருஷமே, 1965-ல, பி.ஜி. சேத்தின்னு நம்மாளு ஒருத்தர் ஜெயிச்சார். ஆனா அவர் அமெச்சூர். பரிசுப் பணத்துல ஒரு பைசா வாங்க முடியாது. பணத்துக்காக ஆடற ஒரு இந்தியர் அந்தக் கோப்பையைத் தொட 1991 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. 26 வருஷம்! தொட்டவர் அலி ஷேர். டெல்லி கோல்ஃப் கிளப்ல கேடியா இருந்தவர். அதே மைதானத்துல ஜெயிச்சார். ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னோ என்னவோ, 1993-ல திரும்பவும் ஜெயிச்சார்.

இங்கதான் சிக்கல். அந்தப் பழைய சர்க்யூட் பிப்ரவரி வாக்குல ஆரம்பிச்சு ரெண்டு மூணு மாசத்துல முடிஞ்சுடும். அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுல இருந்து வர்றவங்களுக்கு அது ஒரு சுற்றுப்பயணம். முடிஞ்சதும் பெட்டியைக் கட்டிட்டு அடுத்த நாட்டுக்குப் போயிடுவாங்க. ஆசியாக்காரன் மிச்ச மாசமெல்லாம் என்ன பண்ணுவான்? உள்ளூர் கிளப்ல பெரிய மனுஷங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும், இல்லாட்டி பழையபடி பையைத் தூக்கணும். சொந்தக் கண்டத்துலயே விருந்தாளி மாதிரி!

1994 ஜூலையில எட்டு நாட்டு தொழில்முறை கோல்ஃப் சங்கங்களோட ஆளுங்க ஹாங்காங்ல கூடி ஏசியன் பி.ஜி.ஏ.ன்னு ஒண்ணை ஆரம்பிச்சாங்க. 1995 அதோட முதல் சீசன். வருஷக் கடைசி வரைக்கும் போட்டிகள். சீசன் முடிவுல யார் அதிகப் பரிசுப் பணம் சேர்த்தாங்கன்னு ஒரு பட்டியல். அந்த முதல் பட்டியல்ல முதலிடம் தைவானோட லின் கெங்-சிக்கு.

நம்மாளுங்களும் சும்மா இல்லை. ஜீவ் மில்கா சிங் பிலிப்பைன் கிளாசிக், ஏசியன் மேட்ச் ப்ளேன்னு ரெண்டு ஜெயிச்சார். கௌரவ் கேய், காட்கில் வெஸ்டர்ன் மாஸ்டர்ஸ் ஜெயிச்சார். ரெண்டே வருஷத்துல பிரிட்டிஷ் ஓப்பனுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியரும் அவர்தான்.

இதுல எனக்கு உறுத்துனது ஒண்ணு. கதவைத் தட்டினது அலி ஷேர் மாதிரி கேடிகள். திறந்ததும் முதல்ல உள்ளே போனது வேற ஆளுங்க. ஜீவ், ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங்கோட மகன். அமெரிக்காவுல காலேஜ் படிச்சு, அங்கேயே 1993-ல கல்லூரிகளுக்கான தேசியப் பட்டம் ஒண்ணும் வாங்கினவர். தப்பே இல்ல, அசாத்தியத் திறமை. ஆனா கணக்கைப் பாருங்க. போட்டி நாலு நாள். முதல் ரெண்டு நாள் முடிஞ்சதும் 'கட்'னு ஒரு கோடு கிழிப்பாங்க. கோட்டுக்குக் கீழே இருந்தா கையில ஒத்தப் பைசா வராது. விமான டிக்கெட், ஓட்டல், சாப்பாடு எல்லாம் நம்ம காசு. நாலு வாரம் வரிசையா கட் தாண்டலைன்னா, கேடியா இருந்து வந்தவன் கதி என்ன? (மாசம் பொறந்தா சம்பளம் வர்ற நாமெல்லாம் ஆணி அதிகம்னு புலம்பறோம்.)

ஒரு டூர் ஆரம்பிச்சா எல்லாருக்கும் வழி பிறந்துடும்னு சொல்றாங்களே, அதை நான் ஒத்துக்க மாட்டேன். டூர் ஆடத் தெரிஞ்சவனுக்கு வழி விடும். டிக்கெட் காசு குடுக்காது. கேடிகளுக்கு வழி கிடைச்சது உள்ளூர்லயே தொடர்ந்து போட்டிகள் நடந்ததாலதான். பஸ்ஸோ ரயிலோ பிடிச்சுப் போய் ஆடிட்டு வரலாம். 2006-ல வீரர்களோட பி.ஜி.டி.ஐ. வந்தது. 2008-ல டெல்லியில நடந்த இந்தியன் மாஸ்டர்ஸை எஸ்.எஸ்.பி. சௌரேசியா ஜெயிச்சார். கல்கத்தா கிளப்ல புல் பராமரிக்கற ஊழியரோட மகன். 2009 இந்தியன் ஓப்பன், நம்ம பெங்களூர் சின்னசாமி முனியப்பாவுக்கு. அவரும் கேடியா இருந்தவர்தான்.

பழைய சர்க்யூட்? இந்தப் புது டூர் வந்த கொஞ்ச வருஷத்துலயே ஒவ்வொரு போட்டியா கை நழுவி 1990-களோட முடிஞ்சே போச்சு.

சித்தப்பாகிட்ட கடைசியா முகேஷ் குமார் கதையைச் சொன்னேன். இந்தூர் பக்கம் மௌ ஊர்க்காரர். உள்ளூர்லயே ஆடி நூத்துக்கும் மேல பட்டம் வாங்கினவர். 2016 டிசம்பர்ல டெல்லியில நடந்த பானசோனிக் ஓப்பன்ல தன்னோட முதல் ஏசியன் டூர் பட்டத்தை ஜெயிச்சப்போ அவருக்கு வயசு 51.

"என் வயசுடா!"ன்னார் சித்தப்பா. அப்புறம் முட்டியைத் தேய்ச்சுக்கிட்டே, "அந்த ஆட்டம் இருந்தா போடு, பாப்போம்".