மெட்ஃபார்மின் உண்போரில் பி12 குறைபாடு: இந்தியச் சூழலில் ஒரு மறுபார்வை

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை வைட்டமின் பி12 உடலில் சேர்வதைக் குறைக்கிறது என்பது புதிய செய்தியன்று. பெல்ஃபாஸ்ட் மருத்துவர்கள் 1971இலேயே இதைப் பதிவு செய்துவிட்டனர். அந்தக் குறைவைப் பொருட்படுத்த வேண்டுமா என்ற கேள்விக்கு மேலைநாட்டு ஆய்வுகள் தந்த விடையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது என்பதே என் வாதம்.

சிறுகுடலின் கடைப்பகுதியில் பி12ஐ உள்வாங்கும் ஏற்பிகளுக்குக் கால்சியம் தேவை. மெட்ஃபார்மின் அங்கே குறுக்கிடுகிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். கல்லீரலில் சில மில்லிகிராம் இருப்பு உண்டு. அன்றாடத் தேவையோ ஏறத்தாழ 2 மைக்ரோகிராம்தான். எனவே பற்றாக்குறை தலைகாட்ட ஆண்டுகள் ஆகும். அதற்குள் மாத்திரையின் மீது யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

நெதர்லாந்தில் 390 பேரிடம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், மெட்ஃபார்மின் பெற்றோரின் பி12 அளவு, வெற்று மாத்திரை பெற்றோரோடு ஒப்பிடச் சராசரியாக 19 விழுக்காடு குறைந்தது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மில்லிலிட்டருக்கு 450 பிக்கோகிராம் உள்ளவருக்கு இந்தச் சரிவு நேர்ந்தால் 365இல் நிற்பார். அவருக்கு ஒன்றும் ஆகாது. 240 உள்ளவரோ 194க்கு இறங்கி, பல ஆய்வகங்கள் வைத்திருக்கும் 200 என்ற எல்லைக்குக் கீழே போய்விடுவார். மருந்தும் அளவும் ஒன்றே. தொடங்கிய இடம்தான் வேறு. மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக்கின் குழுவினர் புனே வட்டாரத்தில் நடுவயது ஆண்களைச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பி12 குறைவாக இருந்தது. நம்மவர் பலர் தொடங்கும் இடம் அதுதான்.

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அசைவர்கள்தானே என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறிக்குழம்பு வைக்கும் வீட்டை அசைவ வீடு என்று கணக்கெடுப்பில் எழுதலாம். பி12 கணக்கில் அது பெரிய வரவு அல்ல. ஒரு முட்டையில் கிடைப்பதே அரை மைக்ரோகிராம் அளவுதான். போதாததற்குக் 'கேஸ் மாத்திரை' என்று ஆண்டுக்கணக்கில் விழுங்கப்படும் பான்டோபிரசோல், வயிற்று அமிலத்தைக் குறைத்து, உணவிலிருந்து பி12 பிரிவதையும் தடுக்கிறது.

சிக்கல் கூர்மையாவது நோயறிதலில். "பாதம் மதமதன்னு இருக்கு, செருப்பு கழண்டதே தெரியல" என்று சொல்பவரின் கட்டைவிரலில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வைத்தால் அதிர்வு தெரியாது. அது சர்க்கரையால் வந்ததா, பி12 குறைவால் வந்ததா என்று இசைக்கவை சொல்லாது. இரத்தசோகையைக் காத்திருந்து பார்ப்பதும் பயன்படாது. அது வராமலே நரம்பு கெடலாம். நடைமுறையில் நரம்பு வலிக்கான ப்ரீகாபலினும் பி12இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமினும் சேர்ந்த 'நரம்பு மாத்திரை' எழுதப்படுகிறது. கரிசனமாகத் தோன்றும் இந்த வழக்கத்தை நான் ஏற்கவில்லை. சோதிக்காமல் கொடுத்தால் பிறகு இரத்த அளவு உயர்ந்து காட்டும்; குறைபாடு இருந்ததா என்பதே தெரியாமல் போய்விடும்.

பிரிட்டனின் மருந்து ஒழுங்காற்று அமைப்பு 2022இல் பி12 குறைவை மெட்ஃபார்மினின் பொதுவான பக்கவிளைவு என்று அறிவித்து, அறிகுறி உள்ளோரைச் சோதிக்கச் சொன்னது. அறிகுறி தோன்றும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. மருந்து தொடங்கும்போதே ஒரு முறையும், பிறகு குறித்த இடைவெளியிலும் பார்ப்பதே பொருத்தம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வரும் மாநிலத்தில், சோதனை விடுபட்டுப் போகாதிருக்க இது இன்னும் அவசியம்.

குறைபாடு உறுதியானால் மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டும் என்பதில்லை. நரம்பு அறிகுறி இருந்தால் ஊசியில் தொடங்குவர். மற்றவர்க்கு 1000 மைக்ரோகிராம் மாத்திரையே பெரும்பாலும் போதும்: ஏற்பிகளின் துணையின்றியே அதில் சுமார் 1 விழுக்காடு குடற்சுவர் வழியே கசிந்து சேரும், அந்த 10 மைக்ரோகிராம் அன்றாடத் தேவையைப் போல் பல மடங்கு.