குடலில் அடைத்த இறைச்சியும் முஹ்தஸிபின் கண்காணிப்பும்

அங்காடிப் பொருள்களுள் பல, தம் குற்றத்தைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும். அழுகிய மீனை நாற்றமும், கெட்ட கனியை நிறமும், பழைய இறைச்சியைத் தொட்ட விரலும் அறிவித்துவிடும். ஆனால், கொத்தி அரைத்து, உப்பும் மசாலையும் சேர்த்து, குடலுக்குள் அடைத்து விற்கப்படும் இறைச்சி அத்தகையதன்று. உள்ளே சேர்ந்தது நல்லிறைச்சியா, கழிவா, இரசாயனமா என்பதை வாங்குவோர் எவ்வளவு கூர்ந்து நோக்கினும் அறிதல் இயலாது. செய்தவர் மட்டுமே அதனை அறிவார்.

இன்று ‘சாஸேஜ்’, ‘ஸலாமி’ எனும் பெயர்களில் கடைகளின் குளிர்பெட்டிகளிலே அடுக்கப்பட்டிருக்கும் இவ்வகை உணவைப் பற்றி மருத்துவ அறிஞர்கள் கவலை தெரிவித்து வருகின்றனர். அக்கவலை இன்று நேற்றுப் பிறந்ததன்று. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அரபு நூலாசிரியர்கள் அதற்கெனத் தனி அத்தியாயம் வகுத்துள்ளனர். அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

காழியும் முஹ்தஸிபும்

இஸ்லாமிய ஆட்சியமைப்பில் காழியின் பணி வேறு, முஹ்தஸிபின் பணி வேறு. தம்மிடம் முறையிட்டு வருவோரின் வழக்கைக் கேட்டுத் தீர்ப்பளிப்பவர் காழி. முறையீட்டுக்குக் காத்திராமல், தாமே அங்காடிக்குச் சென்று, வெளிப்படையான தீமைகளைத் தடுப்பவர் முஹ்தஸிப். இத்துறைக்கு ‘ஹிஸ்பா’ என்று பெயர். 1058-ஆம் ஆண்டில் மறைந்த இமாம் அல்-மாவர்தீ அவர்கள், ‘அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ எனும் தம் நூலில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளக்கியுள்ளார்கள்.

இதன் வேர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே உள்ளது. அங்காடியிலே ஒரு தானியக் குவியலுக்குள் பெருமானார் அவர்கள் தம் கையை நுழைத்தபோது, அடியில் ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்ததென வணிகர் விடை கூறினார். நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்பதே பெருமானார் அவர்கள் எழுப்பிய வினா. நனைந்த தானியத்தை விற்றலாகாது என்று அவர்கள் கூறவில்லை. மறைத்து விற்றலையே கண்டித்தார்கள். இந்நுட்பத்தை அன்பர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

ஷைஸரீயின் ஏற்பாடு

சுல்தான் ஸலாஹுத்தீன் அவர்களின் காலத்தவரான அப்துர் ரஹ்மான் அஷ்-ஷைஸரீ, சிரியாவைச் சேர்ந்தவர். ‘நிஹாயத்துர் ருத்பா ஃபீ தலபில் ஹிஸ்பா’ எனும் அவரது நூல், முஹ்தஸிப்களுக்கென எழுதப்பட்ட கைந்நூல். நாற்பது அத்தியாயங்களைக் கொண்ட அந்நூலில் ரொட்டி சுடுவோர், கசாப்புக்காரர், மருந்து விற்போர் எனத் தொழில்தோறும் விதிகள் உள்ளன. கசாப்புக்காரர் வெள்ளாட்டு இறைச்சியைச் செம்மறியாட்டு இறைச்சியுடன் கலத்தலாகாது. வேறுபாடு தெரிய அதன்மீது குங்குமப்பூவால் புள்ளியிடல் வேண்டும். கடை கட்டியபின், நாய்கள் நக்காதிருக்க, வெட்டும் கட்டையின்மீது உப்புத் தூவி வைத்தல் வேண்டும்.

குடலில் அடைத்த இறைச்சியை அரபியர் ‘நகானிக்’ என்பர். தென் இத்தாலியின் லூகானியா எனும் நிலப்பகுதியின் பெயரால் இலத்தீனில் வழங்கிய சொல்லே இவ்வாறு மருவிற்று என்பது மொழியறிஞர் கருத்து. இதனைச் செய்வோர்பால் ஷைஸரீ தனிக் கண்டிப்புக் காட்டுகிறார். அவர்தம் கடைகள் முஹ்தஸிபின் இருக்கைக்கு அருகிலேயே அமைதல் வேண்டும் என்கிறார். அவர்கள் செய்யும் கலப்படங்கள் பல என்பதும், பிறரால் எளிதில் அறியப்படாதவை என்பதுமே அவர் காட்டும் காரணம். இறைச்சியைத் தூய பலகையில் வைத்துக் கொத்த வேண்டும். கொத்துங்கால் ஈ ஓட்டுவதற்கென ஒருவர் அருகில் நிற்க வேண்டும். வெங்காயமும் மசாலையும் முஹ்தஸிபின் முன்னிலையில், எடை தெரியச் சேர்க்கப்படவேண்டும். அதன் பின்னரே தூய குடலில் அடைத்தல் வேண்டும்.

அடைத்தபின் ஆராய்வதால் பயனில்லை, சேர்க்கும்போதே பார்க்கவேண்டும் என்பதே இவ்விதியின் உட்பொருள். 1329-இல் மறைந்த எகிப்தியரான இப்னுல் உகுவ்வாவும், எழுபது அத்தியாயங்கள் கொண்ட தம் ‘மஆலிமுல் குர்பா’ நூலை இவ்வழியிலேயே யாத்தார். விதி இருந்தமையால் எங்கும் எப்போதும் நேர்மை நிலவிற்று எனக் கொள்ளல் ஆகாது. மம்லூக்கியர் ஆட்சியின் பிற்காலத்தில், முஹ்தஸிப் பதவியே பணத்துக்குப் பெறப்பட்டதும் உண்டு.

தூய்மை மட்டும் போதவில்லை

இறைச்சியும் பலகையும் தூயனவாக இருப்பினும் தீராத ஓர் இடர் இவ்வுணவில் உண்டு. காற்றுப் புகாத உட்புறத்திலே ஒருவகை நஞ்சு விளையும். அதனை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தவர், ஜெர்மானிய நாட்டின் வூர்ட்டம்பர்க் பகுதி மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர். 1822-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், அந்நஞ்சுக்கு இரையான 155 பேரின் நிலையை விவரித்தது. 1895-இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் எனும் சிற்றூரில், ஒரு சவ அடக்கத்துக்கு வந்திருந்த இசைக்குழுவினர் பதப்படுத்திய பன்றியிறைச்சியை உண்டு நோயுற்றனர், மூவர் இறந்தனர். அதனை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கெம், நஞ்சை விளைவிக்கும் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். இன்று ‘பாட்டுலிசம்’ என வழங்கும் அந்நோயின் பெயரே, சாஸேஜைக் குறிக்கும் ‘பொட்டுலுஸ்’ எனும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்ததாகும்.

இந்நுண்ணுயிரைத் தடுக்க வல்லது வெடியுப்பு. அறிவியலார் அதனைப் பொட்டாசியம் நைட்ரேட் என்பர். காரணம் அறியாமலே மேலை நாட்டார் நெடுங்காலம் அதனை இறைச்சியில் இட்டு வந்தனர். வெடியுப்பு இறைச்சியில் நைட்ரைட்டாக மாறுகிறது என்பதை 1891-இல் எடுவார்ட் போலென்ஸ்கெ கண்டார். அந்நைட்ரைட்டே பதப்படுத்திய இறைச்சிக்குச் செந்நிறம் தருகிறது என்பதை 1901-இல் ஜான் ஹால்டேன் விளக்கினார். அஃதில்லையேல் வெந்த இறைச்சி சாம்பல் படர்ந்த பழுப்பு நிறமாகிவிடும். புத்திறைச்சியின் அடையாளமென நம் கண் நம்பும் நிறமே உப்பின் விளைவாக இருத்தலை ஓர்க.

சிகாகோவும் அதற்குப் பின்னும்

அமெரிக்காவில் இறைச்சித் தொழில் பேராலைகளாக வளர்ந்தபோது, முஹ்தஸிபின் இருக்கைக்கு அருகில் கடை என்னும் நிலை மாறி, உண்போருக்கும் செய்வோருக்கும் இடையே ஆயிரம் மைல் ஏற்பட்டது. 1902-இல் அந்நாட்டு வேளாண்மைத் துறையின் தலைமை வேதியலார் ஹார்வி வைலி, இளைஞர் பன்னிருவரைத் திரட்டி, உணவைக் கெடாமற் காக்கச் சேர்க்கும் போராக்ஸ் முதலியவற்றை அவர்தம் உணவிற் கலந்து கொடுத்து, விளைவை ஆராய்ந்தார். 1906-இல் அப்டன் சின்க்ளேர் எனும் எழுத்தாளரின் புதினம் சிகாகோ இறைச்சியாலைகளின் சீர்கேட்டை வெளிப்படுத்த, மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு ஜூன் 30-இல் இறைச்சி ஆய்வுச் சட்டமும் தூய உணவுச் சட்டமும் கையொப்பமாயின.

1925-இல் நைட்ரைட்டை நேரடியாகச் சேர்க்க அந்நாட்டு அரசு இசைவளித்தது. நிறைவுற்ற உணவில் பத்து இலட்சத்தில் 200 பங்குக்கு மேற்படலாகாது என அளவும் விதித்தது. மசாலையை எடை தெரியச் சேர்க்குமாறு ஷைஸரீ பணித்ததன் நோக்கமும் இத்தகைய அளவே.

எனினும் 1956-இல் வேறொரு கதவு திறந்தது. பீட்டர் மகீ, ஜான் பார்ன்ஸ் எனும் ஆங்கில அறிஞர் இருவர், நைட்ரோசமின் வகையைச் சேர்ந்த ஒரு பொருளை எலிகளுக்கு உணவில் அளித்து, அவற்றின் ஈரலில் புற்றுநோய் தோன்றக் கண்டனர். நைட்ரைட்டும் இறைச்சியின் புரதக் கூறுகளும் கடுஞ்சூட்டிலும் இரைப்பைப் புளிப்பிலும் சேரும்போது இவ்வினத்துப் பொருள்கள் உண்டாகக் கூடும். ஒரு நஞ்சைத் தடுக்க வந்த உப்பே மற்றோர் ஐயத்துக்கு இடமாயிற்று.

2015 அக்டோபரில், பிரான்ஸின் லியோன் நகரில் உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம், பத்து நாடுகளின் 22 அறிஞர்களைக் கூட்டி, 800-க்கு மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்தது. பதப்படுத்திய இறைச்சி மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதி எனும் முதற் பிரிவில் அதனைச் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்போர்க்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்றும் அறிவித்தது. ஆயிரம் பேருள் 50 பேருக்கு வரக்கூடிய நோய் 59 பேருக்கு வரும் என்பது இதன் பொருள்.

புகையிலையும் அதே முதற் பிரிவில் இருப்பதால், இரண்டும் ஒரே அளவு கொடியன எனச் செய்தித்தாள்கள் சில எழுதின. அது பிழை. சான்றின் உறுதியையே அப்பிரிவு குறிக்கும், தீமையின் அளவையன்று. நைட்ரைட் ஒன்றே காரணம் என்றும் அவ்வறிஞர் கூறவில்லை. உப்பிடுதல், புகையூட்டல் முதலிய முறைகளால் மாற்றப்பட்ட இறைச்சி அனைத்தையும் அவர்தம் சொல் தழுவும். அவ்வகையில், குர்பானிக்குப் பின் நம் இல்லங்களில் வெயிலில் உலரும் உப்புக்கண்டமும் அதில் அடங்கும். ஆண்டுக்குச் சிலநாள் உண்பதும் அன்றாடம் உண்பதும் ஒன்றல்ல என்பதையும் உடன் சொல்லல் வேண்டும்.

இத்தாலியின் பார்மா நகரத்தார் 1993 முதல் தம் பதனிறைச்சியில் நைட்ரைட்டை அறவே விலக்கி, உப்பையும் நெடுங்காலத்தையும் மட்டுமே நம்புகின்றனர். அது நமக்கு விலக்கப்பட்ட இறைச்சியே. ஆயினும் மாற்று வழி உண்டென்பதற்கு அது சான்று. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியமும் நைட்ரைட்டின் அளவைக் குறைத்து விதி செய்தது.

நாம் கேட்கவேண்டிய வினா

‘இதில் ஹலால் முத்திரை உள்ளதா?’ என்று கேட்போர் நம்முள் பலர். அது கேட்கத்தக்கதே. ஆனால், திருக்குர்ஆனின் அல்-பகரா அத்தியாயத்தில் உணவு பற்றிப் பேசும் 168-ஆம் வசனம், ‘ஹலால்’ என்பதை அடுத்தே ‘தய்யிப்’ எனும் சொல்லையும் வைத்துள்ளது. ஆகுமானது என்பது ஒன்று; தூயது, நலம் பயப்பது என்பது மற்றொன்று. கோழியிறைச்சியால் ஆனதாயினும், முறைப்படி அறுக்கப்பட்டதாயினும், பதப்படுத்தப்பட்ட இறைச்சி பற்றிய எச்சரிக்கை நீங்கிவிடுவதில்லை. நம் நாட்டுப் பொட்டலங்களில் பொடி எழுத்தில் அச்சிடப்படும் 249 முதல் 252 வரையிலான எண்கள் நைட்ரைட், நைட்ரேட் உப்புகளைக் குறிப்பன. தானியக் குவியலுக்குள் கையை நுழைப்பதற்கு ஒப்பானது அவ்வெழுத்தைப் படித்தல். பிள்ளைகளின் உணவுப் பெட்டியில் நாள்தோறும் அதனை வைக்கும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

எனினும், வாங்குவோரின் விழிப்பு ஒன்றே போதாது. இவ்வுணவால் நோயுறுவோர் பல்லாண்டுகள் கழித்தே நோயுறுவர். எந்த நாளில், எந்தக் கடையில் வாங்கி உண்டது தம்மைக் கெடுத்தது என அவர் காட்ட இயலாது. எவர்மீது, எந்தக் காழியிடம் அவர் முறையிடுவார்? முறையீட்டுக்குக் காத்திருக்கும் நீதிமன்றத்தால் இத்தகையோரைக் காத்தல் அரிது. அதனாலன்றோ, முறையீட்டுக்கு முன்னரே சென்று பார்க்கும் ஓர் அலுவலரை நம் முன்னோர் நியமித்தனர். அவருடைய இருக்கைக்கு அருகில் இக்கடையை வைத்தனர். இன்று அப்பொறுப்பு உணவுப் பாதுகாப்பு அலுவலர்களுடையது. அவர்கள் ஆலைக்குள் சென்று, சேர்க்கும்போதே எடை பார்க்கின்றனரா எனக் கேட்பது குடிமக்களின் உரிமை. நம்மைப் பொறுத்தவரை அது கடமையுமாகும்.